லினக்ஸ் கண்காணிப்புக் கருவி: சென்சார்களை அடையாளம் காண உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. லினக்ஸுக்கு ஒரு சின்ன வன்பொருள் கண்காணிப்புக் கருவியை பைத்தானில் எழுதிக்கொண்டிருக்கிறேன். சிபியு, மெமரி கணக்கெல்லாம் ப்ராக் (/proc, கர்னல் தன் நிலையைக் காட்டும் இடம்) கோப்புகளிலிருந்து சிக்கலில்லாமல் வந்துவிடுகிறது. இடிப்பது சென்சார்தான்.

வெப்பநிலையை, லினக்ஸ் சென்சார் அளவீடுகளைக் காட்டும் ஹெச்டபிள்யூமான் (hwmon) கோப்புறைகளிலிருந்து எடுக்கிறேன். 45000 என்று வந்தால் 45 டிகிரி, அது சரி. ஆனால் டிரைவர்கள் ஏறும் வரிசையைப் பொறுத்து, கோப்புறையின் எண் ரீபூட் செய்தால் மாறிவிடுகிறது. நேற்று 2 ஆக இருந்தது இன்று 4. பெயர்க் கோப்பை வைத்துத் தேடலாம் என்றால், இரண்டு டிஸ்க் உள்ள கணினியில் இரண்டுமே ‘என்விஎம்இ’ (NVMe) என்று டிஸ்க் வகையின் பெயரைத்தான் சொல்கின்றன! டிஸ்க் செருகியிருக்கும் இடத்தைக் குறிக்கும் பிசிஐ முகவரியை அடையாளமாக வைத்தால் போதுமா? டிஸ்கை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினால் பழைய பதிவுகள் அனாதையாகிவிடும். சீரியல் எண்தான் நல்லதோ?

அப்புறம், மின்நுகர்வு. இன்டெல் சிபியு எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று சொல்லும் ஆர்ஏபிஎல் (RAPL) அளவீட்டை, 2020இல் வந்த பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பிறகு ரூட் (முழு அதிகாரமுள்ள பயனர்) மட்டுமே படிக்க முடியும். முழுக் கருவியையும் ரூட்டாக ஓட்ட எனக்கு மனசு வரவில்லை. கோப்பின் அனுமதியைத் தளர்த்தினால் அடைத்த ஓட்டையை நாமே திறந்த மாதிரி. படிப்பதற்கு மட்டும் தனியாக ஒரு குட்டி டீமன் (பின்னணியில் ஓடும் நிரல்) வைப்பதுதான் வழியா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். கோட் வேண்டுமானால் பகிர்கிறேன்.