புதுப்பிப்பு: 10x50 பைனாகுலரில் மெசியர் 7 புகைபோல் தெரிந்த சிக்கல் தீர்ந்தது

பதில் தந்த எல்லோருக்கும் நன்றி. மெசியர் 7 என்ற விண்மீன் கொத்து, என் 10x50 (பத்து மடங்கு பெருக்கம், 50 மி.மீ. வில்லை) பைனாகுலரில் ஏன் தனித்தனி விண்மீன்களாகப் பிரியவில்லை என்று கேட்டிருந்தேன். யாழ்ப்பாண நகர வெளிச்சம்தான் காரணம் என்ற பதில் பொருந்தவில்லை. வலக்கண் வளையத்தை (வலக்கண்ணுக்கு மட்டும் தெளிவைச் சரிசெய்யும் வளையம்) சரிபார்க்கச் சொன்னதே பலித்தது. வலக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தால் இடக்கண்ணுக்கு விண்மீன் ஊசிமுனையாகும் வரை திருப்பவேண்டும். பிறகு இடக்கண்ணை மூடி, வலப்பக்க வளையத்தை மட்டும். அவ்வளவுதான், முப்பதுக்கு மேல் எண்ணலாம்.

ஜூன் கடைசியில் இரவு 11 மணிக்குக் கொத்து தெற்கே ஏறத்தாழ 45 பாகை உயரத்தில் நிற்கும். தேள் (விருச்சிகம்) விண்மீன் குழுவின் கொடுக்கிலிருந்து இடப்பக்கம், சற்று மேலே, 5 பாகைக்குள்.

எதிர்பாராதது சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று). முக்காலியே அதிர்ந்தது, மதில் மறைவில் சாய்வுக் கதிரையும் இரு முழங்கை ஊன்றலும் அதைவிட மேல். பக்கத்துக் கொத்தான மெசியர் 6உம் வலப்புறம் மேலே அதே பார்வைப் புலத்தில் அகப்பட்டது.