மொட்டை மாடியில் கரி அடுப்பு: தீக்காயம் படாமல் சமைப்பது எப்படி?

கேள்வி (மாடிவீட்டார்):
கோயம்புத்தூரில் எங்கள் மொட்டை மாடியில் அவ்வப்போது கரி அடுப்பு மூட்டிக் கோழியும் மீனும் சுடுகிறோம். நேற்று, கரி பிடிக்கவில்லை என்று எண்ணி என் தம்பி மேலும் சிறிது மண்ணெண்ணெய் ஊற்றியபோது, தீ குபீரென்று எழுந்து அவனுடைய புறங்கையைச் சுட்டுவிட்டது. கங்கு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை என்கிறான். அடுத்த முறை குழந்தைகளும் உடனிருப்பார்கள் என்பதால், அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி (தணல்):
உங்கள் தம்பி சொல்வது உண்மையாகவே இருக்கும். பகல் வெளிச்சத்தில் கங்கின் சிவப்பு எளிதில் தெரியாது. தெரிவதையும் மேலே படிந்த சாம்பல் மறைத்துவிடும். நீறு பூத்த நெருப்பு என்பது இதுதான். சூடான கரியில் விழும் மண்ணெண்ணெய் நொடியில் ஆவியாகிறது. அந்த ஆவி பற்றிக்கொண்டு, ஊற்றும் கையை நோக்கியே ஏறி வருகிறது. ஆகவே, தீ வைத்த பிறகு எந்த எரிபொருளையும் மீண்டும் ஊற்றவே கூடாது. பெட்ரோலை எப்போதுமே பயன்படுத்தக் கூடாது. கரி பிடிக்கவில்லையென்றால் விசிறுங்கள், அல்லது காய்ந்த கொட்டாங்குச்சித் துண்டுகளை இடுக்கியால் செருகுங்கள்.

கோழியின் கொழுப்பும் மசாலாவிலுள்ள எண்ணெயும் சொட்டும்போதும் தீ எழும்பும். அதனால் நான் கரியை அடுப்பின் ஒரு பாதியில் மட்டும் குவித்து, மறுபாதியை வெறுமையாக விட்டுவைக்கிறேன். தீ எழுந்தால் தண்ணீர் ஊற்றாமல், நீண்ட இடுக்கியால் இறைச்சியை வெறும் பக்கத்துக்கு நகர்த்திவிட்டால், சற்று நேரத்தில் தானே அடங்கிவிடும்.

மறுமொழி (சமையற்கட்டு):
ஈரத்துணியால் சூடான கம்பியைப் பிடிக்காதீர்கள். என் உள்ளங்கை கொப்புளித்தது அப்படித்தான். துணியிலிருந்த நீர் வெப்பத்தை உடனே கடத்திவிட்டது. தடித்த, உலர்ந்த பருத்தித் துணியே நல்லது. உடையும் பருத்தியாக இருக்கட்டும், ஏனெனில் பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். முந்தானையையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்காக, அடுப்பைச் சுற்றி மூன்றடிக்குக் குறையாமல் கோலமாவால் ஒரு வட்டம் போட்டு, அதைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவைத்து, பெரியவர் ஒருவர் அங்கேயே நிற்க வேண்டும்.

மாடிவீட்டார்:
மிக்க நன்றி. தம்பியின் கையில் உடனே பற்பசை தடவினோம். அது சரியா?

மறுமொழி (தணல்):
சரியன்று. பற்பசை, மை, காப்பித்தூள், பனிக்கட்டி எதுவும் வேண்டாம். காயம் பட்டவுடன் மோதிரத்தைக் கழற்றிவிட்டு, குளிர்ந்த நீரை 20 நிமிடம் காயத்தின்மேல் ஓடவிட வேண்டும். வெயிலில் மாடித்தொட்டி நீர் கொதிப்பாக வரும் என்பதால், கீழிருந்தே இரண்டு வாளித் தண்ணீர் கொண்டுபோய் வையுங்கள். தம்பிக்குக் கொப்புளம் இருந்தால் அதை உடைக்காமல், இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

சமைத்து முடித்த பிறகு சாம்பலைப் பிளாஸ்டிக் கூடையில் கொட்ட வேண்டாம். மறுநாளும் அதனுள் கங்கு இருக்கக்கூடும். இரும்பு வாளியில் அள்ளி, தண்ணீரைச் சிறிது சிறிதாகத் தெளித்து, ஆவி முகத்தில் அடிக்காதபடி தள்ளி நின்று அணையுங்கள்.