சிப்பிப்பாறை நாய், கயிறு அவுத்தா கூப்பிட்டா வரமாட்டேங்குது

தோட்டக்காரன்: ஒன்றரை வயசு ஆண் நாய். வீட்டுக்குள்ள கூப்பிட்டா ஓடி வருவான், ஆனா தோட்டத்துல அவுத்து விட்டா மயிலோ ஆடோ கண்ணுல பட்டுச்சுன்னா போதும் காதே கேக்காத மாதிரி பறந்துடுறான், என்ன பண்ணலாம்?

கரிசல்காடு: அண்ணே அது முயல் வேட்டைக்குன்னே வளர்த்த இனம், மோப்பத்த விட கண்ண நம்பி ஓடும், ஓட ஆரம்பிச்சப்புறம் கத்தி பிரயோஜனமே இல்ல. 10 மீட்டர் லேசான கயிறு வாங்கி ஹார்னஸ்ல (நெஞ்ச சுத்தி மாட்டுற பட்டை) மாட்டுங்க, கழுத்துப்பட்டைல வேணாம், அந்த வேகத்துல சுண்டி இழுத்தா கழுத்துல அடிபடும். தூரத்துல ஆட்ட பாத்ததும் காது நிமிரும்ல, அந்த செகண்ட்ல கூப்பிடணும், திரும்பி வந்தா உடனே வேகவச்ச ஈரல் ஒரு துண்டு.

மணி_கோவை: ஈரல் சரி, ஆனா நிறைய பேர் கூப்பிடுறதே கட்டிப்போடத்தான், அப்புறம் எப்படிங்க வருவான்? கூப்பிட்டு தீனி குடுத்து மறுபடி விளையாட விட்டுடுங்க. லேட்டா வந்தாலும் அடிக்காதீங்க.

செவலை: வேலி இல்லாத இடம், ரோடு பக்கம்னா எவ்ளோ பழகினாலும் அவுக்காதீங்க. ரேபிஸ் ஊசி போட்டாச்சா?

தோட்டக்காரன்: போட்டாச்சுங்க. கயிறு இன்னைக்கே வாங்குறேன். மயில் வேற வேலி மேலயே வந்து உக்காந்துக்குது 😅