ஏழு விநாடியில் புட்டு அவிப்பது எப்படி?

தொடங்கி வைப்பவர், நாகர்கோவில்

விளையாட்டு ரொம்ப எளிது. அன்றாடம் எல்லாரும் செய்கிற ஒரு வேலையைக் கூட்டம் சொல்லும். பல் தேய்ப்பது, வேட்டி கட்டுவது, சட்டை இஸ்திரி போடுவது, எதுவாகவும் இருக்கலாம். ஒருவர் எழுந்து அதை 60 விநாடிக்குள் படிப்படியாக விளக்க வேண்டும். முடிந்ததும் அதையே 30 விநாடியில். அப்புறம் 15. அப்புறம் 7. எந்தப் படியையும் விடக்கூடாது என்பது சட்டம். விடாமல் யாராலும் சொல்ல முடியாது, அதுதான் சிரிப்பு.

ஜூனில் மழை பிடித்துவிட்டால் நம்ம பக்கம் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாதல்லவா. அப்படி இருட்டில் மாட்டிக்கொண்ட ஒரு சாயங்காலம், சென்னையில் படித்துவிட்டு வந்த கூட்டாளி ஒருவன் இதைச் சொல்லிக்கொடுத்தான். புட்டு அவிப்பதை எடுத்துக்கொண்டவன் அடுப்படிப் பக்கம் போகவே போகாதவன். ஆனால் தின்பதில் கெட்டி.

60 விநாடியில் அரிசி ஊறப்போடுவதிலிருந்து தொடங்கினான். ஊறியதை வடித்து, இடித்து, வறுத்து, உப்புத் தண்ணீர் தெளித்துப் பிசிறுவதற்குள் முக்கால்வாசி நேரம் போய்விட்டது. "கையில பிடிச்சா பிடிபடணும், விட்டா உதிரணும்" என்று அவன் அம்மை சொல்கிற பக்குவத்தைக்கூட விடவில்லை. குழலில் தேங்காய், மாவு, தேங்காய், மாவு, அப்புறம் ஆவி. பயறு, பப்படம், மட்டிப்பழத்தோடு முடித்தான். நல்ல கைதட்டு.

30 விநாடியில் அரிசி ஊறவே இல்லை. மாவு எங்கிருந்தோ தானாக வந்துவிட்டது. 15 விநாடியில் "தேங்காய் மாவு தேங்காய் மாவு தேங்காய் மாவு" என்று ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டு நின்றான், குழல் கூரை வரைக்கும் போயிருக்கும். கடைசி 7 விநாடி: "மாவு, தேங்காய், ஆவி, பப்படம், தின்னு!"

"லே, அடுப்பு எங்கலே?" என்று கேட்டோம்.

"அது அம்மை பாத்துக்கிடுவா."

எனக்கு இந்த விளையாட்டில் பிடித்தது அந்தக் கடைசிச் சுற்றுதான். யோசிக்க நேரம் இல்லாதபோது எதைப் பிடித்துக்கொள்கிறோம், எதைக் கைவிடுகிறோம் என்று ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் வீட்டில், கூட்டாளிகளிடையே விளையாடிய கதைகளைச் சொல்லுங்கள்.


குலசேகரம் பக்கம்

எங்களுக்கு ரப்பர்தான் சோறு. அதனால் யாராவது "ரப்பர் வெட்டு" என்று தொடங்குவார்கள் என்று தெரியும். அத்தான் எழுந்தார். சின்ன வயதிலிருந்து கத்தி பிடித்தவர்.

60 விநாடி. விடியுமுன் எழும்பணும், வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். தலையில் லைட்டைக் கட்டணும். முந்தின வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துச் சாக்கில் போடணும். இடப்பக்கம் மேலே, வலப்பக்கம் கீழே இறங்குகிற மாதிரி சரிவாகப் பட்டையை மெலிசாகச் சீவணும். ஆழம் போனால் மரம் காயப்படும், மேலோடு போனால் பால் வராது. சிரட்டையை நிமிர்த்தி வைத்துவிட்டு அடுத்த மரம். எல்லாம் முடித்துக் கஞ்சி குடித்துவிட்டு வந்து பால் எடுக்கணும், அரிக்கணும், தண்ணீர் சேர்த்து டிஷ்ஷில் ஊற்றணும், ஆசிட் கலக்கணும், உறைந்ததை ரோலரில் அடிக்கணும், ஷீட்டைக் காயப்போட்டுப் புகைப்புரையில் ஏற்றணும்.

சொல்லி முடித்தபோது நேரம் மிச்சம் இருந்தது. 30 விநாடியிலும் ஒன்றையும் விடவில்லை! நாங்கள் வாயைப் பிளந்துவிட்டோம். மரம் மரமாக ஓடுகிற பழக்கம் நாக்கிலும் இருக்கிறது போல. 15 இல்தான் கால் இடறியது, கஞ்சியும் ஒட்டுப்பாலும் போய்விட்டன. 7 இல் "எழும்பு, சீவு, சீவு, சீவு, எடு, ஊத்து, அடி, காயப்போடு!"

திண்ணையில் படுத்திருந்த பாட்டா தலையை மட்டும் தூக்கினார். "லே, ஆசிட் விடாம என்னத்தையாக்கும் ரோலர்ல அடிப்ப? தண்ணியையா?"

சரி, நீங்களே சொல்லுங்கள் பாட்டா, 7 விநாடிதான் என்றோம். பாட்டா வெளியே பார்த்தார். "மழை பெய்யுது. இன்னைக்கு வெட்டு இல்ல." திரும்பப் படுத்துக்கொண்டார். அதற்குமேல் யாரும் முயற்சி செய்யவில்லை, பாட்டாவுக்கே ஜெயம்.

(மரத்தில் மழைக்காப்பு பிளாஸ்டிக் கட்டினால் மழைக்காலத்திலும் வெட்டலாமே என்று யாரும் வந்துவிட வேண்டாம். தெரியும். பாட்டாவிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.)


குளச்சல் பக்கம்

நாங்கள் மொட்டைமாடியில் மீன் காயப்போட்டுவிட்டு விளையாடியது. எல்லாரும் பெண்கள், அதனால் கூச்சம் கிடையாது. மாமிக்குக் கொடுத்த வேலை சாளைக் குழம்பு.

முதல் சுற்றில் மாமி தேங்காய் துருவி, வத்தல், மல்லி, மஞ்சள், சின்ன உள்ளி வைத்து நைசாக அரைத்துக்கொண்டிருந்தார். சரியாகப் போய்க்கொண்டிருந்தது. 30 விநாடிச் சுற்றில் புளி கரைக்கும் இடம் வந்ததும் மைனி நடுவில் புகுந்து "எங்க வீட்டுல மாங்காய் போடுவாவ" என்றார். அவ்வளவுதான். மாமி குழம்பை அடுப்பில் விட்டுவிட்டு மாங்காய்க்குப் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். மாங்காய் கிட்டாத மாசத்தில் உங்க வீட்டில் என்ன செய்வாவ, பட்டினியா? மணி அடித்தது. மீன் இன்னும் கழுவவே இல்லை.

ஆனால் ஒன்று கவனித்தேன். எல்லாச் சுற்றிலும் மாமி விடாமல் சொன்ன ஒரே சொல் "கிளறாதே." 7 விநாடியில்கூட "அரை, கரை, கொதிச்சா மீனைப் போடு, கிளறாதே!" உப்பு போனது, எண்ணெய் போனது, கறிவேப்பிலை போனது, இது மட்டும் போகவில்லை. சாளை பூப்போல வெந்துவிடும், கரண்டி போட்டால் முள்ளும் சதையும் தனித்தனியாகிவிடும். சட்டியைத் துணியால் பிடித்து மெல்லச் சுற்றிவிடணும், அவ்வளவுதான். கல்யாணமாகி வந்த புதிதில் நான் கரண்டி போட்டது மாமிக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மாமி என்னைப் பார்த்துக்கொண்டேதான் அந்தச் சொல்லைச் சொன்னார்.


தக்கலை, நாடகக் குழுவில் கொஞ்ச நாள் இருந்தவன்

மேடையில் இதை இன்னும் முரட்டுத்தனமாக ஆடுவார்கள். விளக்கம் மட்டும் இல்லை, இரண்டு மூன்று பேர் ஒரு காட்சியையே ஒரு நிமிடம் நடித்துவிட்டு, அதே காட்சியைப் பாதி நேரத்தில், அதிலும் பாதியில் என்று குறைத்துக்கொண்டே போவார்கள். எழுதிவைத்த வசனம் இல்லாமல் அந்த நேரத்தில் தோன்றியதைப் பேசி ஆடும் விளையாட்டுகளில் இது ஒன்று. இந்த வகைக்கு மூத்தவர் என்று வயோலா ஸ்போலினைச் சொல்வார்கள். சிகாகோவில் குடியேறிகளின் பிள்ளைகளோடு வேலை செய்தபோது நாடகப் பயிற்சியை விளையாட்டாக மாற்றியவர். அவர் மகன் பால் சில்ஸ் வேறு சிலரோடு சேர்ந்து 1959 இல் அங்கே தொடங்கிய செகண்ட் சிட்டி அரங்கம்தான் இந்த வகை நகைச்சுவையை ஊரறியச் செய்தது.

அது கிடக்கட்டும். நாங்கள் இதில் வில்லுப்பாட்டைக் கலந்தோம். சுடலைமாடன் கோயில் கொடை விழாவிலும் இசக்கியம்மன் கொடையிலும் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும், தலைமைப் பாடகர் ஒரு வரி சொன்னால் பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போட வேண்டும். அந்த ஆமாவை விளையாட்டில் சேர்த்துவிட்டோம். வில் இல்லை. தண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்து ஒருவன் தட்டினான், இன்னொருவன் ஆமா.

வேலை கேஸ் சிலிண்டர் மாற்றுவது. "அடுப்பை அணைச்சானாம்." ஆமா. "ரெகுலேட்டரைப் பூட்டினானாம்." ஆமா. "பழசைக் கழட்டினானாம்." ஆமா. "புதுசுல மூடியை இழுத்தானாம், வாஷர் இருக்கான்னு பாத்தானாம்." ஆமா, இருந்துதா? "இருந்துது லே, பேசாம இரி!"

60 விநாடியில் இது அழகு. 15 வந்ததும் ஆமாக்காரன் எமன் ஆகிவிட்டான். பேசுகிறவனுக்கு இருப்பதே 15 விநாடி, அதில் பாதியை ஆமா தின்றுவிடும். அவனோ ஒவ்வொரு ஆமாவையும் இழுத்து, ராகம் போட்டு, நடுவில் சந்தேகமும் கேட்பான். 7 விநாடிச் சுற்றில் சிலிண்டரே வரவில்லை. "அடுப்பை..." ஆமா. "லே நிறுத்து..." ஆமா. "நான் போறேன்..." ஆமா, எங்க?

ஒழுகினசேரியில் 1908 இல் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் வில்லுப்பாட்டையும் கையிலெடுத்துச் சிரிக்க வைத்தவர். மாவட்டக்காரன் என்ற உரிமையில் சொல்கிறேன், அவர் பார்த்திருந்தால் அந்த ஆமாக்காரனுக்குத்தான் பரிசு கொடுத்திருப்பார்.


கருங்கல், பள்ளியில் வேலை

ஒன்றே ஒன்று. திக்கிப் பேசுகிறவர்கள், கூட்டத்தில் எழுந்து நிற்கக் கூச்சப்படுகிறவர்கள் இருந்தால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். வேகம்தான் விளையாட்டு என்னும்போது அவர்களுக்கு அது விளையாட்டு இல்லை. மணி பார்க்கும் பொறுப்பை அவர்களாகவே கேட்டு வாங்கினால் கொடுத்துவிடுங்கள். அதில் அதிகாரமும் அதிகம், பிடிக்காதவனுக்கு 15 விநாடி சீக்கிரமே முடிந்துவிடும். எங்கள் குழுவில் அப்படி ஒரு தம்பிக்கு எல்லாரும் முறுக்கு வாங்கிக் கொடுக்கிறோம்.


கொட்டாரம்

எங்கள் கூட்டத்தில் தலைகீழாக நடந்தது. பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணன். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்கு பஸ்ஸில் போவது எப்படி என்று கேட்டோம். 60 விநாடி ஆரம்பித்ததும், "சுசீந்திரம் வழுக்கம்பாறை பொற்றையடி கொட்டாரம் விவேகானந்தபுரம் கன்னியாகுமரி" என்று ஒரே மூச்சு. முடிந்தது. மிச்ச நேரம் முழுக்க எங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"இன்னும் நேரம் இருக்குண்ணே, எதாவது சொல்லுங்க."

"இறங்குங்க, கடைசி ஸ்டாப்பு."

7 விநாடிச் சுற்றில் அதையே சொல்லிவிட்டுச் சில்லறையும் கேட்டார். சிலருக்குக் கஷ்டம் கடைசிச் சுற்றில் இல்லை, முதல் சுற்றில்தான்.


மார்த்தாண்டம்

வேலையைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. போனில் ரீசார்ஜ் செய்வது, பணம் அனுப்புவது எல்லாம் கொடுத்துப் பார்த்தோம், சப்பென்று இருந்தது. தொடு, தொடு, தொடு, முடிந்தது. கை அழுக்காகிற வேலையாக, நாலு பேருக்கு நாலு பக்குவம் இருக்கிற வேலையாகக் கொடுங்கள். மரச்சீனிக் கிழங்கு அவிப்பது, நேந்திரங்காய் வறுப்பது, குழந்தையைக் குளிப்பாட்டுவது. குழந்தை குளிப்பாட்டுவதை 7 விநாடியில் சொன்னவன் குழந்தையைத் துவட்டிக் கொடியில் போட்டுவிட்டான்.


ஆரல்வாய்மொழி

அக்காள் மகள் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, காய்கறி வெட்டு. ஊரே கத்தியும் அரிவாள்மணையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டது, சேனையும் தடியங்காயும் மலையாகக் கிடக்கிறது. பையன்கள் இந்த விளையாட்டை ஆரம்பித்ததும் வேலை அப்படியே நின்றுவிட்டது. வேட்டி கட்டினார்கள், பைக்கைத் தள்ளி ஸ்டார்ட் செய்தார்கள், பல் தேய்த்தார்கள். சிரித்துச் சிரித்து ஒருத்தன் வெட்டிய முருங்கைக்காய் விரல் நீளமும் இல்லை, முழ நீளமும் இல்லை.

சமையல் அண்ணாச்சி சாயாவைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு வரவே இல்லை. யாரோ துணிச்சலாகக் கேட்டுவிட்டான், "அண்ணாச்சி, அவியலுக்கு 60 விநாடி!"

அண்ணாச்சி டம்ளரை வைத்தார். காயெல்லாம் ஒரே நீளத்தில் இருக்கணும். வேக நேரமாகிற சேனையும் வாழைக்காயும் முதலில், சீக்கிரம் வேகிற கத்தரியும் வெள்ளரியும் பிறகு. தண்ணி கொஞ்சமாக விடணும், காயே தண்ணி விடும். தேங்காய், சீரகம், பச்சைமிளகாய் ஒன்றிரண்டாக அரைக்கணும், நைசாக்கினால் அது கூட்டு. தயிர் கடைசியில், அதுக்குமேல் கொதிக்க விடக்கூடாது. அடுப்பை அணைத்து, பச்சைத் தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும் போட்டு மூடிவைக்கணும். நிதானமாகச் சொன்னார், நேரமும் சரியாக இருந்தது. பந்தலில் சத்தமே இல்லை, பெண்கள்கூடக் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

"30 விநாடி அண்ணாச்சி!"

"முப்பதெல்லாம் வேண்டாம். ஏழுலயே சொல்லுதேன்." எழுந்து நின்று மலையாகக் கிடந்த காயைக் காட்டினார். "மணி பன்னெண்டு ஆவுது. நாலு மணிக்கு அடுப்பு பத்த வைக்கணும். வெட்டுங்கலே."