புலிக்குகை மட்டும் பார்த்தால் போதுமா?

தென்றல்_செங்கை:
சமூக அறிவியல் ஆசிரியை நான். அடுத்த வாரம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை மாமல்லபுரம் கூட்டிப் போகிறோம். வழியில் சாளுவன்குப்பம் புலிக்குகையில் இறங்குவோம். சுனாமிக்குப் பிறகு பக்கத்திலேயே ஒரு முருகன் கோயிலைத் தோண்டி எடுத்தார்களாமே? வெறும் செங்கல் அடித்தளம்தான் இருக்கிறது என்கிறார்கள். பிள்ளைகளுக்குக் காட்ட அதில் என்ன இருக்கிறது?

பாறையெழுத்து:
டீச்சர், என்னைக் கேட்டால் அந்தச் செங்கல்லுக்காகவே இறங்க வேண்டும்.

2004 சுனாமி மணலை அரித்துக்கொண்டு போனபோது ஒரு பாறையில் கல்வெட்டு தெரிந்தது. 10-ஆம் நூற்றாண்டு ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்தது. திருவிழிச்சில் என்ற ஊரின் சுப்பிரமணியர் கோயிலை அது குறிப்பிடுகிறது. கோயில் எங்கே என்று தேடித்தான் 2005-இல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியது. முதலில் வந்தது பல்லவர் காலக் கருங்கல் கோயில். அதற்கும் அடியில் இன்னொரு கோயில், முழுக்கச் செங்கல்! சங்க காலத்தது என்று அகழ்ந்தவர்கள் கருதினார்கள்.

பிள்ளைகளை அங்கே குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். செங்கற்கள் இன்றைய சூளைக் கல்லைவிட நன்றாகவே பெரியவை. சன்னதி வடக்கு பார்த்தது. எதிரே கல்லால் ஆன வேல். இடிந்த கோயிலை மூடிவிட்டு அதன் மேலேயே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். பாடப்புத்தகத்தில் ‘மண்ணடுக்கு’ என்று படிப்பதை இங்கே கண்ணால் பார்க்கலாம்.

மீனாட்சி_ஈசிஆர்:
கூடவே அதிரணசண்ட மண்டபத்தையும் விட்டுவிடாதீர்கள். பல்லவ மன்னன் இராஜசிம்மன் காலத்துக் குடைவரை. ஒரு சுவரில் கிரந்த எழுத்து, எதிர்ச்சுவரில் நாகரி எழுத்து, இரண்டிலும் அதே சுலோகங்கள். புலிக்குகையில் இருப்பவை புலி முகங்கள் அல்ல, யாளி முகங்கள். பதினொன்றையும் பிள்ளைகளையே எண்ணச் சொல்லுங்கள், இடப்பக்கத்து யானைகளை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். காலையிலேயே போய்விடுங்கள், அப்புறம் வெயில் தாங்காது.

தென்றல்_செங்கை:
ரொம்ப நன்றி. அப்படியானால் முதலில் செங்கல் கோயில், பிறகுதான் யாளி.

பாறையெழுத்து:
சரியான வரிசை. ஒன்று மட்டும், டீச்சர்: செங்கல் மேல் யாரையும் ஏற விடாதீர்கள். போன முறை ஒரு குடும்பமே அதன் மேல் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது, மனசு பதறிவிட்டது. ஓரம் உதிர்ந்தால் உதிர்ந்ததுதான்.