கோட் தே பார்: சிறு விவசாயிகளின் ஷாம்பெயின் தேடி

கேள்வி: பிரான்ஸின் ஷாம்பெயின் பகுதியில் ரேன்ஸ், எப்பர்னே ஊர்களின் கூட்டம் வேண்டாம், தெற்கே ஓப் மாவட்டத்தில் உள்ள கோட் தே பார் பகுதிக்குப் போகலாம் என்றிருக்கிறேன். சொந்தத் தோட்டத்துத் திராட்சையில் தானே ஒயின் செய்பவரை எப்படி அடையாளம் காண்பது?

மறுமொழி 1: லேபிளில் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். அதற்கு முன்னால் உள்ள இரண்டு எழுத்தைப் பாருங்கள். ஆர்.எம். என்றால் விவசாயியே தயாரித்தது. ஆர்.சி. என்றால் கூட்டுறவு ஆலையில் செய்து, அவர் பெயரில் விற்பது. என்.எம். என்றால் வெளியே திராட்சை வாங்குபவர். நல்ல சிறு தயாரிப்பாளர்கள் சிலரும் கொஞ்சம் திராட்சை வாங்குவதால் என்.எம். ஆகிவிடுகிறார்கள், அதற்காக ஒதுக்கிவிடாதீர்கள்.

மறுமொழி 2: பாரிஸிலிருந்து த்ருவா வரை ரயில், அங்கிருந்து வாடகைக் கார். செல்-சுர்-ஊர்ஸ் ஊரில் ஆரம்பியுங்கள். முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். அறுவடைச் சமயத்தில் யாருக்கும் நேரம் இருக்காது. இங்கே பினோ நுவார் என்ற கருந்திராட்சைதான் அதிகம், மண் ஷாப்ளி ஒயின் பகுதியில் இருப்பதைப் போன்ற கிம்மெரிட்ஜியன் (ஜுராசிக் காலத்து) சுண்ணாம்புக் களி. பின் லேபிளில், பாட்டிலுக்குள் தங்கிய ஈஸ்ட் மண்டியை வெளியேற்றிய மாதம் போட்டிருந்தால் கவனியுங்கள்: போன மாதம்தான் என்றால் சுவை கலைந்திருக்கும், சில மாதம் வைத்துத் திறங்கள். ப்ரூட் நாட்யூர் என்ற, சர்க்கரை சேர்க்காத ஷாம்பெயின் வகையில் லிட்டருக்கு 3 கிராமுக்கும் குறைவான சர்க்கரை. பழக்கமில்லாதவருக்குப் புளிப்பு தூக்கலாகத் தெரியும்.

மறுமொழி 3: அதே பகுதியில் உள்ள லே ரிசே ஊருக்குப் போனால் ரோஸே தே ரிசே என்ற ரோஸ் நிற ஒயினைக் கேளுங்கள். குமிழி இல்லாதது, ஆனால் தவறவிடவே கூடாது. வாங்கிய பாட்டில்களை வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள்.