துருவேறி இறுகிய ஆக்சிஜன் சென்சார்: பைப்பைக் கெடுக்காமல் கழற்ற வழி உண்டா?

முத்துநகர் ஓட்டி

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2014 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். கம்பெனி பெயர் வேண்டாம், இந்தச் சிக்கல் எந்த வண்டிக்கும் வரக்கூடியதுதான். வீடு தூத்துக்குடியில் துறைமுகச் சாலைப் பக்கம். வண்டி வெளியில்தான் நிற்கும். உப்புக் காற்றில் அடிப்பக்கம் எந்த நிலையில் இருக்கும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் வரும் பிழைக் குறியீடு பி0141. அதாவது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு (சைலன்சர் பைப்பில் புகையைச் சுத்தமாக்கும் டப்பா) பின்னால் இருக்கும் இரண்டாவது ஆக்சிஜன் சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டரின் சர்க்யூட். புகையில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்ப்பதுதான் இந்தச் சென்சார். மைலேஜும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. புதுச் சென்சார் வாங்கி வைத்துவிட்டேன், ஆனால் பழையது அசையவே இல்லை. பக்கத்துப் பட்டறையில் ஒயர் நுழைய வெட்டு விட்ட சென்சார் சாக்கெட்டைப் போட்டு நெம்பினார்கள். சாக்கெட் வாய் பிளந்துகொண்டது, சென்சாரின் இரண்டு மூலைகள் லேசாக மழுங்கிவிட்டன. "இனி பைப்போடு அறுத்து மாற்றணும்" என்கிறார்கள். அவ்வளவு தூரம் போகாமல் வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

பட்டறைக்காரர்

தம்பி, கழற்றுவதற்கு முன்னால் ஒரு கேள்வி. சென்சார்தான் போயிருக்கிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா? பி0141 என்றால் சர்க்யூட்டில் கோளாறு என்றுதான் பொருள். ஃப்யூஸ் போயிருக்கலாம், கனெக்டரில் பச்சை பூத்திருக்கலாம். கடலோர வண்டியில் இரண்டாவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கனெக்டரைப் பிரியுங்கள். சென்சார் பக்கம் நான்கு ஒயர் வரும், அதில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டும் ஹீட்டருடையவை. அவற்றுக்கு இடையே ஓம் பாருங்கள். நல்ல ஹீட்டர் ஆறியிருக்கும்போது சில ஓமில் தொடங்கி பத்துப் பதினைந்துக்குள் காட்டும். மீட்டர் ஒன்றுமே காட்டவில்லை என்றால் உள்ளே அறுந்துவிட்டது.

மைலேஜைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்ரோல் அளவை முக்கியமாகத் தீர்மானிப்பது கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் முதல் சென்சார். பின்னால் இருப்பது கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று கண்காணிக்கத்தான். இதை மாற்றினால் மைலேஜ் ஏறும் என்று நம்பி இருக்காதீர்கள். டயர் காற்று, ஏர் ஃபில்டர், தெர்மோஸ்டாட் எல்லாவற்றையும் தனியாகப் பாருங்கள்.

முத்துநகர் ஓட்டி

பார்த்தேன் அண்ணா. ஃப்யூஸ் நன்றாக இருக்கிறது. கனெக்டர் சுத்தமாக இருக்கிறது, சாவி போட்டால் வண்டிப் பக்கம் 12 வோல்ட் வருகிறது. சென்சார் பக்கம் ஓபன். அதனால் சென்சார்தான்.

காரைக்கால் பயணி

இவ்வளவு கஷ்டம் எதற்கு? ஹீட்டர் ஒயர் இரண்டுக்கும் நடுவில் ஒரு ரெசிஸ்டரை வைத்துவிடுங்கள், விளக்கு அணைந்துவிடும். என் நண்பர் அப்படித்தான் ஓட்டுகிறார்.

பட்டறைக்காரர்

அந்த ரெசிஸ்டர் எவ்வளவு சூடாகும் என்று கணக்குப் போட்டீர்களா? வண்டி ஓடும்போது 14 வோல்ட், 10 ஓம் ரெசிஸ்டர் என்றால் கிட்டத்தட்ட 20 வாட். அதை டேப் சுற்றி ஒயரோடு கட்டிவைத்தால் ஒயர்தான் உருகும். அதோடு, கன்வெர்ட்டர் செத்தாலும் தெரியாமல் போய்விடும். புதுச் சென்சாரே கையில் இருக்கும்போது இந்த வேலை வேண்டாம்.

தம்பி, இப்போது வழிக்கு வருகிறேன். பழைய சென்சார் போனது போனதுதான், அதை முழுசாக எடுக்கத் தேவையில்லை. காப்பாற்ற வேண்டியது பைப்பில் வெல்டு செய்திருக்கும் அந்த மரை வளையத்தை மட்டும். இப்படி முடிவு செய்துவிட்டால் வேலை பாதியாகிவிடும். முதலில் ஒயரைச் சென்சார் தலையோடு ஒட்ட வெட்டுங்கள். வெட்டு விட்ட சாக்கெட் ஆரோக்கியமான சென்சாருக்குத்தான், இறுகியதற்கு அல்ல. ஒரு பக்கம் திறந்திருப்பதால் பலம் கொடுத்தால் விரிந்துவிடும். ஒயர் போய்விட்டால் ஆறு மூலை கொண்ட, வெட்டு இல்லாத 22 மி.மீ. நீள பாக்ஸை (முழு சாக்கெட்), அல்லது ரிங் ஸ்பேனரை, முழுசாக மேலே இறக்கலாம். பன்னிரண்டு மூலை பாக்ஸ் வேண்டாம், மழுங்கிய மூலையில் அது சுற்றிக்கொள்ளும்.

பாக்ஸை அடித்து இறக்கும்போது கன்வெர்ட்டர் டப்பா மேல் சுத்தியல் படக்கூடாது. உள்ளே இருப்பது பீங்கான், விரிசல் விட்டால் சென்சார் விலையைப் போலப் பல மடங்கு செலவு வரும்.

காரைக்கால் பயணி

சரி, ரெசிஸ்டர் யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். டபிள்யூடி-40 அடித்து ஊறவிட்டால் போதாதா?

கோவை லேத்

டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டத்தான் கெட்டி. துருவுக்குள் இறங்க, துரு இளக்கும் ஸ்ப்ரே என்றே தனியாக விற்கிறார்கள், அது மேல். கியர் ஆயிலும் அசிட்டோனும் சமமாகக் கலந்து ஊற்றுபவர்களும் உண்டு. கியர் ஆயில் என்றால் ஆட்டோமேட்டிக் கியருக்கு ஊற்றும் சிவப்பு ஆயில். ராத்திரி ஊறவிட்டுக் காலையில் கழற்றிப் பாருங்கள். ஆனால் மரைக்குள் கரியும் துருவும் சேர்ந்து பிடித்திருந்தால் எண்ணெய் உள்ளே போகவே போகாது. அதற்குச் சூடுதான் மருந்து.

எண்ணெய் ஊற்றிய இடத்தில் உடனே தீ வைக்காதீர்கள். துடைத்து உலரவிட்டு அப்புறம்தான் கேஸ் தீ. சென்சாரை அல்ல, அதைச் சுற்றியுள்ள வளையத்தை மட்டும் சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும். 18 மி.மீ. இரும்புத் துளை 500 டிகிரி சூடு ஏறினால் ஏறத்தாழ 0.1 மி.மீ. விரியும். கேட்க அற்பமாக இருக்கும், துருவை உடைக்க அது தாராளம். மெதுவாகச் சூடாக்கினால் சென்சாரும் கூடவே விரிந்து பலன் போய்விடும். அதனால் சீக்கிரம் செக்கச் சிவக்க வைத்து, உடனே ஸ்பேனரைப் போடுங்கள். முதலில் ஒரு துளி இறுக்கும் பக்கம் தட்டுங்கள், பிறகு கழற்றும் பக்கம். கொஞ்சம் அசைந்ததும் முழு வேகத்தில் திருகாமல் முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் மரையையும் உரித்துக்கொண்டு வரும்.

ஆறும்போது மெழுகுவர்த்தியை மரை விளிம்பில் தொட்டால் மெழுகு உருகி உள்ளே இறங்கும். பழைய ஆட்கள் வழி, எனக்குப் பலன் கொடுத்திருக்கிறது.

பின் சென்சார் என்பதால் பெட்ரோல் டேங்கும் பெட்ரோல் பைப்பும் தூரத்தில் இருக்காது. வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்தாமல் ஸ்டாண்டு கொடுத்து, பைப்புகளுக்கு முன் தகரம் மறைத்து, பக்கத்தில் தீயணைப்பான் வைத்துக்கொள்ளுங்கள். அனுபவம் இல்லையென்றால் கேஸ் வெல்டிங் தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள். வீட்டுப் போர்ட்டிகோவில் செய்கிற வேலை அல்ல.

முத்துநகர் ஓட்டி

நன்றி அண்ணா. எல்லாம் செய்தும் மூலைகள் முழுக்க மழுங்கிவிட்டால்?

கோவை லேத்

தலையை அறுத்துவிட்டு மேலே ஒரு பெரிய நட்டை வைத்து வெல்டு அடித்துவிடலாம். நட்டும் கிடைக்கும், வெல்டு சூட்டில் மரையும் இளகும். வெல்டு அடிக்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள், இசியுவுக்கு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பாதுகாப்பு.

மரை கெட்டுப்போனால் எம்18, 1.5 பிட்ச் டேப் (மரை வெட்டும் கருவி) ஓட்டிச் சரி செய்யலாம். டேப்பின் பள்ளத்தில் கிரீஸ் பூசி ஓட்டினால் தூள் ஒட்டிக்கொண்டு வரும். உங்களுடையது கன்வெர்ட்டருக்குப் பின்னால் என்பதால் கொஞ்சம் விழுந்தாலும் சைலன்சருக்குத்தான் போகும். முன் சென்சாராக இருந்தால் தூள் நேராகக் கன்வெர்ட்டர் மேல் விழும், அங்கே கவனம் இரட்டிப்பாக வேண்டும். டேப்புக்கும் தாங்காவிட்டால் அந்த வளையத்தை மட்டும் அறுத்து, அதே மரையில் புது வளையம் வெல்டு செய்தால் போதும். பைப்பையே மாற்றச் சொல்வது சோம்பேறித்தனம். புது வளையத்தைச் சாய்வாக, முனை கீழ்நோக்கி வரும்படி, கிடைமட்டத்துக்குக் குறைந்தது 10 டிகிரி மேலே வையுங்கள். இல்லாவிட்டால் காலையில் பைப்பில் கட்டும் நீர் சென்சாரில் தேங்கும்.

முத்துநகர் ஓட்டி

வேலை முடிந்தது. ஸ்ப்ரே மட்டும் போட்டதில் அசையவில்லை. இங்கே ஒரு கேஸ் வெல்டிங் அண்ணாச்சியிடம் போனேன். ஒயரை வெட்டி, வளையத்தைச் சிவக்க வைத்து, ரிங் ஸ்பேனரில் ஒரு அரை மீட்டர் பைப் செருகித் திருப்பினார். "டக்" என்று ஒரு சத்தம், அப்புறம் கையாலேயே ஆட்டி ஆட்டி எடுத்தார். முதல் இரண்டு மரை மட்டும் கொஞ்சம் நசுங்கியிருந்தது, டேப் ஓட்டினோம். இப்போது புதியதைப் போடுவதில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

பட்டறைக்காரர்

மகிழ்ச்சி. புதியதன் மரையில் ஏற்கெனவே சாம்பல் நிறத்தில் பசை பூசியிருந்தால் அதுவே போதும். இல்லாவிட்டால் சென்சாருக்கு ஏற்றது என்று போட்டிருக்கும் ஆன்டி-சீஸ் பசையை (மரை இறுகாமல் தடுப்பது) மரையில் மட்டும் லேசாகத் தடவுங்கள். முனையில் படக்கூடாது. சிலிகான் உள்ள எதுவும் பக்கத்திலேயே வேண்டாம், சென்சாரைக் கெடுத்துவிடும்.

பூட்டும் முன் ஒயரை எதிர்ப்பக்கம் சில சுற்று முறுக்கி வையுங்கள். திருகி முடிக்கும்போது நேராகிவிடும். முதலில் கையால் முழுசாக ஏற்றி, பிறகு 40 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்குங்கள். கீழே தவறவிட்டால் உள்ளே பீங்கான் உடையலாம், வெளியே பார்த்தால் தெரியாது.

நீங்கள் வாங்கியது கனெக்டர் இல்லாத பொதுச் சென்சார் என்றால் ஒயரைச் சோல்டர் செய்யாதீர்கள், கிரிம்ப்தான் (குழாயில் செருகி நசுக்கி இணைப்பது). பல சென்சார்கள் புகையோடு ஒப்பிடத் தேவையான வெளிக்காற்றை ஒயர் இழைகளின் இடுக்கு வழியாகத்தான் எடுக்கின்றன. சோல்டர் அதை அடைத்துவிடும்.

காரைக்கால் பயணி

குறுக்கே ஒரு கேள்வி. என் பைக்கிலும் சென்சார் இதே மாதிரி இறுகியிருக்கிறது. இதே 22 பாக்ஸ், இதே பைப் நெம்புதல் சரியாக வருமா?

கோவை லேத்

வராது. பல பைக்குகளில் 12 மி.மீ. மரை, தலையும் சின்னது. அரை மீட்டர் பைப் போட்டால் கழுத்தோடு முறிந்துவிடும். ஊறவிட்டு, சூடு காட்டி, குட்டி ஸ்பேனரில் கை பலம் மட்டும் கொடுங்கள். சென்சார் சைலன்சர் பைப்பில் இல்லாமல் அலுமினிய ஹெட்டில் இருந்தால் தீயைக் காட்டவே கூடாது, சிவக்கும் முன்பே உருகும். மாடல் சொல்லித் தனி இழை போடுங்கள், பார்க்கலாம்.